பலாலியிலிருந்து மத்தளவுக்கு ஒரு மணித்தியாலம்

பலாலிக்கும் மத்தளவுக்கும் இடையில் நூல் பிடித்து ஒரு கோடு இழுத்தால் 400 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. எழுபது பேர் ஏறுகிற விசிறி வைத்த சிறு விமானம் ஒன்று எழும்பி, ஒரு பேணி தண்ணீர் தந்து, இறங்குவதற்கு ஒரு மணித்தியாலமும் சொச்சமும் போதும். இரண்டுமே சர்வதேச விமான நிலையங்கள் என்று பலகை வைத்திருக்கின்றன. இரண்டிலும் ஓடுபாதை உண்டு, கோபுரம் உண்டு, சுங்க அதிகாரி உண்டு, பொதியைக் குடைந்து பார்க்கிற இயந்திரம் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிற விமானம்.

அவசரமாகப் போயே தீரவேண்டுமென்றால் வழி இல்லாமல் இல்லை. பலாலியில் ஏறிச் சென்னைக்குப் போங்கள். அது 350 கிலோமீற்றர்தான்; பலாலிக்கு மத்தளவைவிட மீனம்பாக்கம் கிட்ட. அங்கே பிறநாட்டுக் குடிவரவு வரிசையில் நின்று முத்திரை குத்திக்கொண்டு, கொழும்புக்குப் போகும் விமானத்தைப் பிடித்து, போன தூரத்தையும் அதற்கு மேலேயும் திரும்பிப் பறந்து, கட்டுநாயக்கவில் இறங்கி, தெற்கு அதிவேகப் பாதையில் ஒரு வான் பிடித்தால் நடுச்சாமத்துக்கு முதல் மத்தள. சொந்த நாட்டின் வடக்கிலிருந்து தெற்குக்கு ஆகாயத்தில் போக அயல்நாட்டின் விசா கேட்கிற தேசம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? எங்கள் சுற்றுலாச் சபை இதை விளம்பரமாகவே போடலாம்.

மத்தளவுக்கு ஏன் போகவேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 209 மில்லியன் டொலரைக் காட்டுக்குள் கொட்டுவதற்கு முதல் யாராவது ஒருத்தர் அதைக் கேட்டிருக்கலாம்.

2013 மார்ச் 18. அம்பாந்தோட்டை மாவட்டத்தில், அந்த மாவட்டத்தையே ஊராகக் கொண்ட ஜனாதிபதி, தன் பெயரையே சூட்டிய விமான நிலையத்தைத் தன் கையாலேயே திறந்துவைத்தார். அதற்கு முதலே அங்கே துறைமுகத்துக்கு அவர் பெயர். சூரியவெவ கிரிக்கெட் மைதானத்துக்கும் அவர் பெயர். ஆள் செத்தபிறகு நினைவாகப் பெயர் வைப்பது மற்ற நாட்டு வழக்கம். இங்கே ஆள் உயிரோடு இருந்தார். பெயர் வைத்த கட்டிடங்கள்தான் ஒவ்வொன்றாகச் செத்தன.

செலவில் 190 மில்லியன் டொலர் சீனாவின் எக்சிம் வங்கி தந்த கடன். வருடத்துக்குப் பத்து லட்சம் பயணிகள் வருவார்கள் என்றார்கள். உலகத்தின் ஆகப் பெரிய பயணிகள் விமானமும் இறங்கட்டும் என்று 3500 மீற்றருக்கு ஓடுபாதை போட்டார்கள். சுற்றிவர யானைக்காடு. ஒரு பக்கம் பூந்தல, ஒரு பக்கம் லுணுகம்வெகர, கொஞ்சம் தள்ளி உடவளவ. பறவைகள் கண்டம்விட்டுக் கண்டம் பறந்து வந்து இறங்குகிற சதுப்புநிலங்களின் பக்கத்தில் விமானத்தை இறக்கவேண்டும் என்ற யோசனை எந்த மூளையில் உதித்ததோ. பறவைகள் அங்கே விசா இல்லாமல் ஆயிரக்கணக்கான வருடங்களாக இறங்கிக்கொண்டிருந்தன. விமானங்கள் பிறகு வந்து அவற்றில் மோதின. பிழை பறவைகள்மேல்தான் எழுதப்பட்டது.

ஆட்கள் தாங்களாக வரவில்லை. அதனால் அரசாங்கத்தின் விமான நிறுவனத்துக்குக் கட்டளை போனது. கட்டுநாயக்கவிலிருந்து எழும்பிய ஸ்ரீலங்கன் விமானங்கள் 170 கிலோமீற்றர் பறந்து மத்தளவைத் தொட்டுவிட்டு வெளிநாடு போயின. இருக்கைப் பட்டியைக் கழற்றலாம் என்று அறிவித்து முடிய முதல் திரும்பவும் மாட்டச் சொல்லுகிற தூரம். 2014 மே மாதத்தில் இந்தச் சர்வதேச விமான நிலையம் உழைத்த காசு 16,000 ரூபா. இதை எதிர்க்கட்சிக்காரர் யாரும் வம்புக்குச் சொல்லவில்லை. அந்த அரசாங்கத்தின் விமானத்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னார். நல்லூர்த் திருவிழாவில் கச்சான் வறுத்து விற்கிற அம்மா தேர்த்திருவிழாவன்று மத்தியானத்துக்குள் அதைப் பார்த்துவிடுவார். அவருக்குக் கடன் கொடுக்க ஒரு வங்கியும் முன்வராது.

2015 ஜனவரி 8ஆம் திகதி பெயருக்குரியவர் தேர்தலில் தோற்றார். அந்த மாதம் முடிவதற்குள் ஸ்ரீலங்கன் மத்தளவைக் கைகழுவியது. அதுவரை கட்டளைக்காகப் பறந்த விமானங்களுக்குத் திடீரென்று வணிகம் விளங்கிவிட்டது. பிறகு அங்கே இருந்த சரக்குக் கட்டிடத்தில் அரசாங்கம் நெல்லைக் கொண்டுபோய்ச் சேமித்தது. மத்தளவுக்கு வந்த பயணிகளில் ஆகக்கூடிய நாள் தங்கியது நெல்மூட்டைதான். அதுவும் டிக்கெட் எடுக்கவில்லை. 2016 மார்ச்சில் 300க்கு மேற்பட்ட படையினரையும் பொலிசாரையும் யானைவெடியோடு இறக்கி, ஓடுபாதைப் பக்கம் வந்த மிருகங்களைத் துரத்தினார்கள். வெளியேறுவாயிலில் பயணி இல்லை, உள்ளே யானை. அவ்வளவு ஆட்கள் ஒரே நாளில் மத்தளவுக்குப் போனது அநேகமாக அதுதான் சாதனையாக இருக்கும். உலகத்தின் ஆக வெறுமையான சர்வதேச விமான நிலையம் என்று ஃபோர்ப்ஸ் சஞ்சிகை எழுதியதும் அந்த வருடந்தான். 2018இல் ஃபிளை துபாய் விமான நிறுவனமும் போய்விட்டது. அப்போது உலகத்தின் ஆகப் பெரிய சரக்கு விமானமாக இருந்த மிரியா 2021 ஜூனில் வந்து இறங்கியபோது தொலைக்காட்சிகள் எல்லாம் ஓடிப்போய் நின்றன. எதற்கு வந்தது? எண்ணெய் அடிக்க. அடித்துவிட்டுப் போய்விட்டது.

இந்தியாவோடு பேசினார்கள். 2024 ஏப்ரலில் ஓர் இந்திய நிறுவனத்துக்கும் ஒரு ரஷ்ய நிறுவனத்துக்கும் சேர்த்து முப்பது வருடத்துக்குக் கொடுக்க அமைச்சரவை அனுமதி தந்தது. அதுவும் நடந்தபாடில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் பலகாரம் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனார்கள்.

இதெல்லாம் ஊரறிந்த கதை, சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது அடுத்த மாதத்தில் இருக்கிறது.

மத்தள திறப்புவிழா நடந்து ஒரு மாதம். 2013 ஏப்ரல். நாட்டின் மறுகோடியில், வலிகாமம் வடக்கில், காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவின்கீழ் அறிவித்தல் ஒட்டினார்கள். 6381 ஏக்கர். பொதுத்தேவை: படைத் தலைமையகம். காணிச் சொந்தக்காரர் யார் என்ற இடத்தில் கொடுத்திருந்த விளக்கம்தான் விசேஷம். உரிமை கோருவோரை அடையாளம் காண முடியவில்லையாம்.

அடையாளம் காணமுடியாத அந்த ஆட்கள் 1990 ஜூனில் ஷெல்லுக்கும் குண்டுக்கும் நடுவில் உடுத்த துணியோடு ஓடினவர்கள். அறிவித்தல் ஒட்டிய நாளில் அவர்கள் இருந்தது கோணப்புலத்திலும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் மருதனார்மடத்து வாடகை வீடுகளிலும். பலாலிக்குச் சைக்கிளில் ஒரு மணித்தியாலம்கூடப் பிடிக்காத தூரம். கிராம சேவகரிடம் அவர்களின் பதிவு இருந்தது. வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தது. நிவாரண அட்டையில் பிள்ளைகளின் வயதுவரைக்கும் இருந்தது. தேர்தல் வந்தால் கட்சிக்காரர் எல்லாரும் கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த முகாம்களுக்குப் போவார்கள். காணியை எடுக்கிற அதிகாரிக்கு மட்டும் ஆளைத் தெரியவில்லை. அம்பாந்தோட்டைக் காட்டில் பத்து லட்சம் பயணிகள் நிற்பது தெளிவாகத் தெரிந்த கண்ணுக்கு, மல்லாகத்தில் நின்ற மனிசரைத் தெரியவில்லை. காணாமல்போன சொந்தக்காரர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உறுதியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போய் "இஞ்சதான் நிக்கிறம்" என்று வழக்குப் போடவேண்டி வந்தது.

அந்தக் காணிகளின் நடுவில்தான் பலாலி விமான நிலையம். அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படை போட்ட தளம். 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் எழும்பி, காங்கேசன்துறை என்ற பெயரில் இங்கே இறங்கி, பிறகு சென்னைக்குப் போனது. அந்த டகோட்டாவின் பெயர் சீதாதேவி. இராவணன் கொண்டுவந்த சீதையை இலங்கை அரசாங்கமே டிக்கெட் போட்டுத் திருப்பி அனுப்பிவைத்த மாதிரி. நாடு சுதந்திரம் அடைய இன்னும் இரண்டு மாதம் இருந்த காலம் அது. சுதந்திரம் இல்லாத நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு விமானம் இருந்தது. 2019 ஒக்டோபர் 17இல் ஜனாதிபதியும் பிரதமரும் வந்து நாடா வெட்டி, யாழ்ப்பாணத்தின் முதலாவது சர்வதேச விமான நிலையத்தைத் திறந்துவைத்தார்கள். 72 வருடம் கழித்து முதன்முதலாக! சீதாதேவி பறந்தது கனவு போலும்.

எங்கள் பக்கத்து வீரர்களும் ஆகாயப் பயணத்துக்குத் தங்களால் ஆனதைச் செய்தார்கள். 1998 செப்டம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் பயணிகள் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. 55 பேர்; பெரும்பாலோர் தமிழர். விடுதலைக்காகச் சுட்டார்கள். செத்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பலாலியைப் பற்றி எழுதுகிற எங்கள் ஆட்கள் இந்தப் பந்தியை வழக்கமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

2019க்கு வருவோம். பெயர்ப்பலகையில் தமிழ் மேலே நின்றது. யாழ்ப்பாணத்தில் தமிழ் மேலே நிற்பதா என்று தெற்கில் சிலர் கொதித்தார்கள். நாடு இன்னொருமுறை துண்டாகும் ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பியது. நவம்பர் 11இல் சென்னைச் சேவை தொடங்கியது. ஜனாதிபதித் தேர்தல் நவம்பர் 16. இந்த ஐந்து நாள் இடைவெளியைத் தற்செயல் என்று நம்புகிறவர்கள் கைதூக்கலாம். 2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடியது. அந்த வருடம் டிசம்பரிலேயே உக்ரேனிலிருந்து ஒரு விமானம் நிறையச் சுற்றுலாப் பயணிகள் மத்தளவில் இறங்கினார்கள். கட்டுநாயக்கவும் திறந்தது. பலாலிக்கு மட்டும் நோய் மாறவில்லை. 2022 டிசம்பர் 12 வரைக்கும், இரண்டே முக்கால் வருடம், அந்த ஓடுபாதை தனிமைப்படுத்தலில் கிடந்தது. கிருமிக்கும் இங்கே வடக்குத் தெற்குத் தெரிகிறது.

இப்போது பரவாயில்லை. சென்னைக்குப் போகிறது. 2025 மார்ச் கடைசியிலிருந்து திருச்சிக்கும் போகிறது. அது 180 கிலோமீற்றர்தான், ஏறி இருந்து ஒரு செபம் சொல்லி முடிப்பதற்குள் காவிரி தெரியும். மகிழ்ச்சி. ஆனால் விமான நிலையத்துக்கு எப்படிப் போவது?

2025 ஏப்ரல் 10. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த வசாவிளான்–பலாலி வீதியை 35 வருடத்துக்குப் பிறகு மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பத்திரிகைகள் நன்றி சொல்லி எழுதின. தேர்தல் மேடைகளில் கைதட்டல். அன்று வீதியோரத்தில் நட்ட பலகையைக் கொஞ்சம் வாசிப்போம். காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து மணி வரை மட்டும். வாகனத்தை இடையில் நிறுத்தக்கூடாது. திருப்பக்கூடாது. படம் எடுக்கக்கூடாது. வேகம் 40 கிலோமீற்றருக்கு மேலே போகக்கூடாது. நடந்து போகக்கூடாது.

கடைசி நிபந்தனையை இரண்டுதரம் வாசியுங்கள். ஒரு ஊரின் வீதியில் அந்த ஊர்க்காரன் நடக்கக்கூடாது. இரண்டு பக்கமும் முட்கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் அவனுடைய செம்மண், அவனுடைய தோட்டம், கூரையில்லாத அவனுடைய வீட்டுக்குள் முளைத்த ஆலமரம். வாகனத்தில் ஏறி நாற்பதில் போகலாம், தலையைத் திருப்பிப் பார்க்கலாம் (அதைப் பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை, மறந்துவிட்டார்கள்), ஆனால் இறங்கினால் குற்றம். பேரனைக் கொண்டுவந்து "இதுதானடா எங்கட கிணறு" என்று விரல் நீட்டவேண்டும் என்றால், ஓடுகிற வாகனத்திலிருந்து நீட்டவேண்டும். கொஞ்சம் வடக்கே போனால் காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவத்தின் தல்செவன விடுதி. அங்கே நிற்கலாம், நடக்கலாம், குளிக்கலாம், படமும் எடுக்கலாம். காசு கட்டவேண்டும், அவ்வளவுதான். நடக்காதே என்ற பலகையும் நல்வரவு என்ற பலகையும் ஒரே திணைக்களத்தின் பெயின்ற் வாளியிலிருந்து வருகின்றன.

ஆகவே அரசாங்கத்துக்கு ஒரு யோசனை. பலாலி–மத்தள நேரடி விமானச் சேவையை உடனே தொடங்குங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. பயணிகள் பஞ்சம் வராது, நான் பொறுப்பு. வசாவிளான், கட்டுவன், தையிட்டி, மயிலிட்டி ஆட்கள் முழுப்பேரும் ஏறுவார்கள். மத்தள போவதற்கு அல்ல. ஜன்னலோர இருக்கைக்கு.

விமானம் எழும்பும்போது அரை நிமிடம் ஊர் தெரியும். வீதியில் நிற்கக்கூடாது, நடக்கக்கூடாது என்ற சட்டம் ஆயிரம் அடிக்கு மேலே செல்லாது.

"பிள்ளை, அந்தா, பனைக்குக் கிழக்கால தெரியிறது எங்கட கிணறு. ஒருக்கா மெதுவாப் போகச் சொல்லு."

"ஐயா, படம் எடுக்கக்கூடாது. ஜன்னலை மூடுங்கோ."

"படம் எடுக்கேல்லையம்மா. எத்தினை பிலா மிச்சம் நிக்குதெண்டு எண்ணுறன்."

"எண்ணவும் கூடாது ஐயா."

ஒரு மணித்தியாலம் கழித்து மத்தள. இறங்கினால் வரிசை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. நாலு ஊர் ஆட்களையும் ஒன்றாக இருத்தக்கூடிய பளிங்குத்தரை வெறிச்சோடிக் கிடக்கும். வரவேற்க யாருமில்லை என்று கவலை வேண்டாம். கம்பிக்கு வெளியே யானைகள் நிற்கும். எங்கள் ஆட்களுக்கும் அவற்றுக்கும் பேச நிறைய இருக்கிறது. இரண்டு பகுதியாரும் ஓடுபாதைக்கு இடம் விட்டவர்கள். யானையிடம் காட்டுக்கு உறுதி இல்லை. எங்களிடம் பாட்டன் காலத்து உறுதி, தோம்பு இலக்கத்தோடு இருக்கிறது. பலன் ஒன்றாகத்தான் வந்திருக்கிறது. யானையைத் துரத்தினது கடதாசி வெடி. எங்களைத் துரத்தினது மேலேயிருந்து விழுந்தது. யானை திரும்பத் திரும்ப உள்ளே வந்து ஓடுபாதையில் நின்று பார்த்தது. அதை ஒருவரும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அத்துமீறியதாக வழக்கில் போடவில்லை. அந்தச் சலுகையை அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் வலிகாமம் வடக்குக்கும் நீட்டலாம்.

இந்தச் சேவை நட்டத்தில் ஓடாதா என்று பொருளாதாரம் படித்தவர்கள் கேட்பார்கள். 2022 ஏப்ரல் 12இல் கடனைக் கட்டமுடியாது என்று உலகத்துக்கு அறிவித்த நாடு கேட்கிற கேள்வியா இது? ஆள் இல்லாத இடத்துக்கு விமானம் விட்டபோது வராத நட்டக்கணக்கு, ஆள் இருக்கிற இடத்திலிருந்து விடச் சொன்னால் வந்துவிடுகிறது. பலாலிக்கு நீளமான ஓடுபாதை கேட்டால் ஆய்வு நடக்கிறது. பெரிய விமானம் கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது. பொதியின் நிறையைக் கொஞ்சம் கூட்டித் தரச் சொன்னால் விமானம் சின்னது. 3500 மீற்றர் ஓடுபாதையை வெட்டிக்கொண்டுவந்து இங்கே விரிக்க முடியாது என்று எங்களுக்கும் தெரியும். அதைப் போட்ட காசு எங்கே போய்க் கிடக்கிறது என்பதும் தெரியும்.

மத்தளவின் நட்டத்தை யார் சுமக்கிறார்கள் என்று பார்த்தால், கட்டுநாயக்கவையும் மத்தளவையும் நடத்துவது ஒரே அரச நிறுவனம். கட்டுநாயக்க உழைக்கிறது, மத்தள தின்கிறது. கட்டுநாயக்கவின் உழைப்பு என்பது அங்கே வந்து போகிற ஒவ்வொருவரின் டிக்கெட்டுக்குள்ளும் ஒளித்துவைத்திருக்கிற கட்டணம். ரொறன்ரோவில் இருபத்தைந்து வருடம் இருக்கிற வசாவிளான்காரர் ஒருவர் தாயின் ஆண்டுத்திவசத்துக்கு வருகிறார் என்று வையுங்கள். பலாலியில் அவருடைய விமானம் இறங்காது. கட்டுநாயக்கவில் இறங்கி, அந்தக் கட்டணத்தையும் கட்டி, இரவிரவாக வானில் எட்டு மணித்தியாலம் குலுங்கிக்கொண்டு வருகிறார். மத்தளவை அவர் கண்ணாலும் கண்டதில்லை. அங்கே ஆளில்லாத மண்டபத்தில் இரவு முழுக்க எரிகிற விளக்கின் மின்கட்டணத்தில் அவருக்கும் பங்கு. வான்காரத் தம்பி புத்தளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்துவார். அண்ணை, விடிய ஆறு மணிக்கு முதல் போனாலும் வசாவிளான் றோட்டு திறந்திருக்காது, ஆறுதலாக் குடியுங்கோ என்பார்.